கடுதாசியும் கப்பலும்: ராணுவ ஆட்சிகளிடம் உலக நாடுகள் பேசும் விதம்

கேள்வி: "மியான்மரில் 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததில் இருந்து ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டுவிட்டார்கள். ஐ.நா.வும் மற்ற நாடுகளும் 'ஆழ்ந்த கவலை' தெரிவிப்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. இந்த அறிக்கைகளால் யாருக்காவது பலன் உண்டா? பக்கத்து நாடான இந்தியா ஏன் வாயைத் திறப்பதில்லை?" புதுச்சேரியில் சட்டம் படிக்கும் ஒரு மாணவி கேட்டது இது.

பதில்:

புதுச்சேரியில் பல வருடம் அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஆனாலும் இந்தக் கேள்விக்கான விடை எனக்கு முதலில் கிடைத்தது கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான். எங்கள் ஆயா ரங்கூனில் இருந்து கப்பலேறி வந்தவர்.

1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின், இன்றைய மியான்மரான பர்மாவின் ஆட்சியைப் பிடித்தார். அதே ஆண்டு ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைச் சுட்டார்கள். மறுநாள் மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். உலகம் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. 1964-ல் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள். மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தாத்தாவின் பலசரக்குக் கடையும் போச்சு, கல்லாவில் இருந்த நோட்டும் போச்சு. அடுத்த சில வருடங்களில் இந்திய வம்சாவளியினர் சுமார் 3 லட்சம் பேர் அங்கிருந்து கிளம்பினார்கள். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் பர்மா காலனி இருப்பதும், பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கும் கடை இருப்பதும் அந்தக் கதையின் மிச்சம்தான்.

அப்போது டெல்லி எடுத்த நிலை என்ன தெரியுமா? தேசியமயமாக்கல் பர்மாவின் உரிமை, இந்தியர்களுக்கு மட்டும் பாகுபாடு காட்டாதீர்கள், நஷ்டஈடு கொடுங்கள், அவ்வளவுதான். கண்டனம் என்ற சொல்லுக்கே இடமில்லை. ஆனால் சென்னைக்குக் கப்பல் விட்டார்கள். ஆயா இதை ஒரே வரியில் சொல்வார்: "சர்க்காரு கப்பல் அனுப்புச்சு, கடுதாசி அனுப்புச்சான்னு தெரியல. கடுதாசி போயிருந்தா கடை திரும்ப வந்திருக்குமா? கப்பல் வந்ததால புள்ளைங்க வந்து சேந்துச்சு."

ஆயா சொன்னதில் பாதிதான் சரி என்பது என் கட்சி. கடுதாசிக்கும் வேலை உண்டு. அது எப்போது வேலை செய்யும், யார் எழுதினால் வேலை செய்யும் என்பதுதான் விஷயம்.

முதலில் அந்தக் 'கவலை'யைப் பார்ப்போம். தூதரக மொழியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு படி உண்டு. 'கவனித்து வருகிறோம்' என்பது அடிப்படி. பிறகு கவலை, ஆழ்ந்த கவலை, வருத்தம், கண்டனம், வன்மையான கண்டனம் என்று ஏறும். அதற்கும் மேலே தூதரைக் கூப்பிட்டுக் கண்டிப்பது, நம் தூதரைத் திரும்ப அழைப்பது, தூதரே இல்லாமல் கீழ்நிலை அதிகாரியை வைத்து ஓட்டுவது. அமெரிக்கா 1990 முதல் 2012 வரை ரங்கூனில் தூதரே இல்லாமல்தான் ஓட்டியது. வெளியில் இருந்து படிக்கிற நமக்கு எல்லாம் ஒன்றுபோல் சப்பென்று இருக்கும். உள்ளே உட்கார்ந்து எழுதுகிறவர்கள் ஒரு சொல்லுக்காக ராத்திரி முழுக்க மல்லுக்கட்டுவார்கள்.

2021 மார்ச் 10 அன்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் மியான்மர் பற்றி வெளியிட்ட அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அமைதியாகப் போராடியவர்கள் மீதான வன்முறையை அது வன்மையாகக் கண்டித்தது. வரைவில் 'ராணுவப் புரட்சி' என்ற சொல் இருந்தது, இறுதி வடிவத்தில் இல்லை. அதை எடுக்கச் சொன்னவர்கள் சீனா, ரஷ்யா, வியட்நாம், கூடவே இந்தியா என்று அன்றைய செய்திகள் சொல்லின. பெயர் வைக்காமல் கண்டிப்பது ஒரு கலை. 'புரட்சி' என்று எழுதிவிட்டால் அடுத்து 'அப்படியானால் இவர்கள் சட்டப்படியான அரசா?' என்ற கேள்வி வரும். அதைத்தான் தவிர்த்தார்கள்.

சில சமயம் கடுதாசி உள்ளிருந்தே வரும். 1971 மார்ச் 25 இரவு, அன்றைய கிழக்கு பாகிஸ்தானின் டாக்காவில், பாகிஸ்தான் ஆட்சியாளர் யாஹியா கானின் ராணுவம் வேட்டையைத் தொடங்கியபோது அங்கே அமெரிக்கத் துணைத்தூதராக இருந்தவர் ஆர்ச்சர் பிளட். ஏப்ரல் 6 அன்று, நம் அரசு அறநெறியில் திவாலாகிவிட்டது என்ற பொருளில், 20 அமெரிக்க அதிகாரிகள் கையெழுத்துப் போட்ட தந்தி டாக்காவில் இருந்து வாஷிங்டனுக்குப் போனது. அமெரிக்க அதிபர் நிக்சனும் அவருடைய ஆலோசகர் கிஸ்ஸிஞ்சரும் அப்போது பாகிஸ்தான் வழியாகச் சீனாவுக்குப் பாலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தந்தி குப்பைக்குப் போனது, பிளட் டாக்காவில் இருந்து தூக்கப்பட்டார். இந்தியாவுக்குள் வந்த அகதிகள் ஒரு கோடி. கடைசியில் முடிவு கட்டியது எந்த அறிக்கையும் இல்லை, டிசம்பரில் நடந்த இந்திய-பாகிஸ்தான் போர். இந்தப் பக்கம் நாம் நல்லவர்களாகத் தெரிவதற்கு ஒரு காரணம், நம் நலனும் அந்த மக்களின் நலனும் அந்த ஒரு வருடம் ஒரே திசையில் இருந்தது. எப்போதும் அப்படி அமைவதில்லை.

நலனே இல்லாமல் ஒரு நாடு வழக்குப் போட்டதுண்டா? உண்டு. எனக்கு மிகப் பிடித்த உதாரணம் கிரீஸ். 1967 ஏப்ரல் 21 அன்று அங்கே கர்னல்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். அந்த செப்டம்பரிலேயே டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்றும், பின்னாலேயே நெதர்லாந்தும் ஐரோப்பிய மனித உரிமை ஆணையத்தில் வழக்குத் தொடுத்தன. சித்திரவதை செய்யப்பட்டவர்களில் இவர்கள் நாட்டு ஆள் யாரும் கிடையாது. ஊரான் வீட்டுப் பிள்ளைக்காகப் படியேறினார்கள். ஆணையம் சாட்சிகளை விசாரித்து, சித்திரவதை என்பது அங்கே ஆங்காங்கே நடக்கும் அத்துமீறல் கிடையாது, நடைமுறையாகவே இருக்கிறது என்று 1969-ல் முடிவு சொன்னது. அந்த ஆணையத்தின் தாய் அமைப்பான ஐரோப்பிய கவுன்சில் வெளியேற்றும் முன்பே, 1969 டிசம்பர் 12 அன்று கிரீஸ் தானாக எழுந்து போய்விட்டது.

கர்னல்கள் அதனால் கவிழ்ந்தார்களா? இல்லை. 1974-ல் சைப்ரஸில் கை வைத்துச் சூடுபட்டுத்தான் விழுந்தார்கள். நேட்டோவில் அவர்கள் இடம் கடைசிவரை பத்திரமாக இருந்தது, அமெரிக்கா நிறுத்தி வைத்திருந்த கனரக ஆயுதங்களையும் 1970-ல் மறுபடி கொடுக்கத் தொடங்கியது. ஒரு கை தள்ளியது, இன்னொரு கை தாங்கியது. ஆனால் சித்திரவதைக்குச் சட்டப்படி என்ன விளக்கம் என்று பிற்காலத்தில் ஐரோப்பிய நீதிமன்றங்கள் பேசியபோதெல்லாம் அந்த வழக்கைத்தான் புரட்டினார்கள். நீங்கள் சட்டம் படிப்பவர், தேடிப் படியுங்கள்.

அடுத்தது அர்ஜென்டினா. இதில்தான் கடுதாசியையும் பணத்தையும் சேர்த்துக் கட்டினால் என்ன நடக்கும் என்று தெரியும். 1976 மார்ச் 24 அன்று ராணுவம் வந்தது. அவர்கள் பாணி வேறு: சுட்டுத் தெருவில் போடமாட்டார்கள், ஆளையே காணாமல் ஆக்குவார்கள். 'எங்களிடம் இல்லை' என்று சொல்லிவிட்டால் எந்த நாடு எதைக் கேட்கும்? பின்னாளில் அமைந்த அரசு விசாரணைக் குழு பெயரோடு பதிவு செய்தது கிட்டத்தட்ட 9,000 பேர். மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன.

அதில் இரண்டு பேர் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள், ஆலிஸ் தோமோன், லியோனி தியூக்கே. 1977 டிசம்பரில், பிள்ளைகளைத் தேடி அலைந்த தாய்மார்களோடு சேர்த்துப் பிடித்துப் போனார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு இதன் கனம் சட்டென்று புரியும். கடற்கரைச் சாலைப் பக்கம் இருக்கும் பிரெஞ்சுத் தூதரகத்தில் பென்ஷனுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஏறி இறங்கும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! குடிமகன் என்று ஒரு தாள் இருந்தால் ஒரு நாட்டுக்கு நமக்காக வாய் வரும். பிரான்ஸுக்கும் வந்தது, ஆனால் மெதுவாக. அந்தத் தாய்மார்களிடம் பொய்ப்பெயரில் ஊடுருவிக் காட்டிக்கொடுத்த கடற்படை அதிகாரி ஆல்ஃபிரெடோ அஸ்டிஸ், 1982-ல் தெற்கு ஜார்ஜியா தீவில் பிரிட்டிஷ் படையிடம் சரணடைந்தார். பிரான்ஸும் ஸ்வீடனும் விசாரிக்க வேண்டும் என்றன. பிரிட்டன் அவரைப் போர்க்கைதி என்று சொல்லி ஊருக்கு அனுப்பிவைத்தது. 1990-ல் பாரிஸ் நீதிமன்றம் அவர் இல்லாமலே ஆயுள் தண்டனை கொடுத்தது. அர்ஜென்டினா நீதிமன்றமே அவருக்கு ஆயுள் தண்டனை கொடுக்க 2011 ஆகிவிட்டது.

சரி, பணத்துக்கு வருவோம். யாசிரெட்டா என்ற பெரிய அணைத் திட்டத்துக்கு டர்பைன் வாங்க அமெரிக்க ஏற்றுமதி வங்கியின் கடன் அர்ஜென்டினாவுக்குத் தேவைப்பட்டது. 1978-ல் கார்ட்டர் அரசு மனித உரிமையைக் காட்டி அதை நிறுத்தியது. அந்த செப்டம்பரில், புதிய போப் பதவியேற்புக்காக ரோம் போன இடத்தில் அமெரிக்கத் துணை அதிபர் மாண்டேலும் ராணுவ ஆட்சித் தலைவர் விடேலாவும் சந்தித்தார்கள். பேரம் படிந்தது: அமெரிக்கக் கண்டத்து மனித உரிமை ஆணையத்தை நாட்டுக்குள் விடு, கடன் வரும்.

1979 செப்டம்பரில் ஆணையம் போனது. பியூனஸ் அயர்ஸில் புகார் கொடுக்க மக்கள் தெருக்கோடி வரை வரிசையில் நின்றார்கள், ஐயாயிரத்துக்கும் மேல் புகார்கள். அதே வாரம் டோக்கியோவில் மரடோனா அணி இளையோர் உலகக் கோப்பையை வென்றது. ஆட்சிக்கு வேண்டிய வானொலி வர்ணனையாளர் ஒருவர், 'எல்லோரும் அவெனிடா தெ மாயோ தெருவுக்கு வந்து கொண்டாடுங்கள், அந்த ஆணையத்துக்கு நம் உண்மை முகத்தைக் காட்டுங்கள்' என்று கூவினார். வரிசை நின்றது அதே தெருவில். மரடோனா பக்தர்கள் நம்மூரிலும் நிறைய இருப்பதால் இதைச் சொல்கிறேன், அவர் மேல் தப்பு ஒன்றும் இல்லை, பையனுக்கு அப்போது 18 வயது.

அந்த ஆட்சியை ஐ.நா.வில் தாங்கிப் பிடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சோவியத் யூனியன்! கம்யூனிஸ்டுகளை ஒழிக்கிறோம் என்று சொல்லி ஆளைக் கடத்தியவர்களுக்குக் கம்யூனிஸ்ட் நாடு குடைபிடித்தது. ஆப்கானிஸ்தானுக்குள் படை அனுப்பியதற்காக 1980-ல் அமெரிக்கா தானியம் தர மறுத்தபோது சோவியத்துக்கு விற்றது அர்ஜென்டினா. கோதுமைக்குக் கொள்கை கிடையாது.

சிலியைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று மட்டும். 1973 செப்டம்பர் 11 புரட்சிக்குப் பிறகு ஐ.நா. பொதுச்சபை ஆண்டுதோறும் கண்டனத் தீர்மானம் போட்டது. ராணுவ ஆட்சித் தலைவர் பினோசே அசரவில்லை. ஆனால் ஸ்வீடன் தூதர் ஹரால்ட் எடெல்ஸ்டாம், கியூபத் தூதரகக் கட்டடத்தில் ஸ்வீடன் கொடியை ஏற்றி, உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றினார். கைதிகளை அடைத்திருந்த மைதானத்துக்கே போய்ப் பலரை மீட்டார். டிசம்பரில் சிலி அவரை நாட்டைவிட்டு அனுப்பியது. இதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நான் நம்மூரைத்தான் உதாரணம் காட்டுவேன். 1908-ல் பாரதி புதுச்சேரிக்குத் தப்பி வந்தார், 1910-ல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்தார்கள். பிரெஞ்சு அரசு பிரிட்டனைக் கண்டித்து ஒரு வரி எழுதியிருக்காது. பிடித்துக் கொடுக்காமல் இருந்தது, அது போதுமானதாக இருந்தது. 1918 நவம்பரில் பாரதி அந்த எல்லையைத் தாண்டியதும் கைதாகிக் கடலூர் சிறைக்குத்தான் வந்தார். பத்துப் பதினைந்து மைல் வித்தியாசத்தில் ஒருவன் கவிஞன் அல்லது கைதி. அடைக்கலம் என்பது இவ்வளவுதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரடியாக. 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மர் ராணுவத் தளபதி மின் ஆங் லாயிங் ஆட்சியைப் பிடித்தார். அதன் பின் நடந்தவற்றைக் கடுதாசி, பணம், வாசல் (தப்பி வருபவர்களுக்குக் கதவு திறப்பது) என்று பிரித்துப் பார்த்தால் தெளிவாகும்.

கடுதாசிகள் ஏராளம். ஏப்ரல் 24 அன்று ஜகார்த்தாவில், தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் ஐந்து அம்ச உடன்பாடு போட்டன. மின் ஆங் லாயிங்கும் அதே மேஜையில் உட்கார்ந்திருந்தார். ஊர் திரும்பியதும் மறந்தார். உச்சி மாநாட்டுக்கு அவரைக் கூப்பிடாமல் விட்டார்கள், ஆசியான் வரலாற்றில் அது பெரிய அவமரியாதைதான். 2022-ல் ஆட்சியை எதிர்த்த நான்கு பேரைத் தூக்கில் போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கம்போடியாவின் அன்றைய பிரதமர் ஹுன் சென் கெஞ்சிக் கடிதம் எழுதினார். ஜூலையில் நால்வரும் தூக்கிலிடப்பட்டார்கள். பொதுச்சபை 2021 ஜூன் 18 அன்று, ஆயுதம் போவதைத் தடுக்கும்படி தீர்மானம் போட்டது: ஆதரவு 119, எதிர்ப்பு பெலாரஸ் மட்டும், ஒதுங்கியவை 36. இந்தியா ஒதுங்கிய பக்கம். 2022 டிசம்பரில் பாதுகாப்பு கவுன்சில் நிறைவேற்றிய தீர்மானத்திலும் சீனா, ரஷ்யாவோடு இந்தியா ஒதுங்கியது. 2007-ல் சீனாவும் ரஷ்யாவும் வீட்டோ போட்டுக் கொன்ற இடத்தில் இதாவது தேறியதே என்று ஆறுதல்பட்டவர்கள் உண்டு. அந்த 2007 வாக்கெடுப்பில் தென்னாப்பிரிக்காவும் எதிர்த்து வாக்களித்தது. நிறவெறிக்கு எதிராக உலகம் விதித்த தடைகளால் பயன்பெற்ற நாடு! எனக்கு இன்றைக்கும் அது ஜீரணமாகவில்லை.

பணத்தில்தான் கொஞ்சம் சத்தம் கேட்டது. புரட்சி நடந்த அதே வாரம், நியூயார்க்கில் மியான்மர் மத்திய வங்கி பெயரில் இருந்த சுமார் 100 கோடி டாலரை எடுக்க ராணுவம் முயன்றது. அமெரிக்கா முடக்கிவிட்டது. எரிவாயு வருமானம் போகும் அரசு நிறுவனத்தின் மீது ஐரோப்பிய ஒன்றியம் 2022 பிப்ரவரியில் தடை போட்டது. அமெரிக்கா அதே நிறுவனத்தைத் தொட 2023 அக்டோபர் வரை யோசித்தது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு அறிக்கை. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம், புரட்சிக்குப் பிறகு ராணுவத்துக்கு எங்கிருந்து எவ்வளவு ஆயுதமும் உதிரிப்பொருளும் போனது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மொத்தம் 100 கோடி டாலர். ரஷ்யா 40.6 கோடி, சீனா 26.7 கோடி, சிங்கப்பூரில் இருந்து இயங்கிய நிறுவனங்கள் 25.4 கோடி, இந்தியா 5.1 கோடி, தாய்லாந்து 2.8 கோடி. சிங்கப்பூர் அரசு சும்மா இருக்கவில்லை, விசாரணையில் இறங்கியது. அடுத்த ஆண்டு அவர் மறுபடி கணக்குப் பார்த்தபோது சிங்கப்பூர் வழிப் போவது கிட்டத்தட்ட 90 சதவீதம் குறைந்திருந்தது. அதே சமயம் தாய்லாந்து வங்கிகள் வழியாகப் போவது இரண்டு மடங்காகியிருந்தது. ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த மடையைத் தேடும். ஆனாலும் மொத்த வரத்து மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 'கவலை' என்ற சொல்லே இல்லாமல் ரசீதுகளை மட்டும் அடுக்கிய ஒரு தாள் இதைச் செய்தது.

இந்தியா ஏன் பேசுவதில்லை? ஒரு காலத்தில் பேசியது. 1988 எழுச்சியின்போது இந்தியா வெளிப்படையாக மாணவர்கள் பக்கம் நின்றது. பர்மாவின் முன்னாள் பிரதமர் ஊ நூவின் மகள் நம் அகில இந்திய வானொலியின் பர்மிய ஒலிபரப்பில் பேசினார். அதன் பலனாக டெல்லி கண்டது என்னவென்றால், ரங்கூன் சீனாவின் மடியில் போய் உட்கார்ந்ததைத்தான். வடகிழக்கின் ஆயுதக் குழுக்கள் அந்தப் பக்கத்துக் காட்டில் முகாமிட்டிருந்தன. 1993-ல் வெளியுறவுச் செயலர் தீட்சித் ரங்கூன் போனதில் இருந்து திசை மாறியது. 1,643 கிலோமீட்டர் எல்லை, இந்தியா கட்டிய சிட்வே துறைமுகம், வடகிழக்கை அதோடு இணைக்கும் கலடான் போக்குவரத்துத் திட்டம், கடலடி எரிவாயுவில் நம் அரசு நிறுவனங்களின் பங்கு என்று கயிறுகள் கூடிக்கொண்டே போயின. 2007-ல் பிக்குகள் தெருவில் இறங்கியிருந்த அதே நாட்களில் நம் பெட்ரோலிய அமைச்சர் அங்கே எரிவாயு ஒப்பந்தத்துக்குப் போயிருந்தார்.

ஒரு அரசு இதையெல்லாம் கணக்கில் எடுக்கக் கூடாது என்று சொல்லும் அளவுக்கு நான் வெள்ளந்தி இல்லை. வாக்கெடுப்பில் ஒதுங்கியதைக்கூட நான் மன்னிப்பேன். 2021 மார்ச் 27 அன்று, நூறு பேருக்கு மேல் தெருவில் சுடப்பட்ட அந்த நாளில், ராணுவ அணிவகுப்பு மேடையில் பிரதிநிதி உட்கார்ந்த எட்டு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஒரு நாற்காலி காலியாக இருந்திருந்தால் கலடான் திட்டம் கவிழ்ந்திருக்காது. வாசல் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வருகிறது. அதே மாதம், எல்லை தாண்டி வருபவர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்பச் சொல்லி நான்கு வடகிழக்கு மாநிலங்களுக்கு மத்திய அரசு கடிதம் எழுதியது. மிசோரம் முதல்வர் சோரம்தங்கா, 'இவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள், எங்களால் முடியாது' என்று பிரதமருக்கே எழுதினார். முப்பதாயிரம் பேருக்கு மேல் அந்தச் சின்ன மாநிலம் தேவாலயங்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்து சோறு போட்டது. டெல்லி கப்பல் அனுப்பாவிட்டால் என்ன, ஒரு மாநிலம் அனுப்பியது. ஆயா இருந்திருந்தால் அவருக்குச் சோரம்தங்காவைப் பிடித்துப்போயிருக்கும்.

கடைசியாக, பதிவு செய்து வைத்த தாள் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு ஒன்று. மியான்மரின் முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்கள் மீதான 2017 கொடுமைக்காக காம்பியா என்ற குட்டி ஆப்பிரிக்க நாடு 2019 நவம்பரில் சர்வதேச நீதிமன்றத்தில் மியான்மர் மீது வழக்குப் போட்டது. ராணுவத்துக்காக வாதாட ஹேக் நகருக்குப் போனவர், அன்று ஆட்சியை நடத்திய ஆங் சான் சூச்சி. பதினான்கு மாதத்துக்குள் அதே ராணுவம் அவரைச் சிறையில் போட்டது. காம்பியா வழக்குப் போட்ட அதே மாதம் ஒரு ரோஹிங்கியா அமைப்பு அர்ஜென்டினா நீதிமன்றத்தையும் அணுகியது. ஏன் அர்ஜென்டினா? எந்த நாட்டில் நடந்த மானுடக் குற்றமானாலும் விசாரிக்க அவர்கள் சட்டம் இடம் தருகிறது. 2025 பிப்ரவரியில் மின் ஆங் லாயிங் உள்ளிட்டோருக்கு பியூனஸ் அயர்ஸ் நீதிமன்றம் கைது ஆணை பிறப்பித்தது. அப்போது சிறையில் இருந்த சூச்சியின் பெயரும் அந்தப் பட்டியலில் உண்டு. 1979-ல் புகார் மனுவோடு தெருக்கோடி வரை வரிசை நின்றதே, அதே ஊர்.